யாழ்ப்பாணத்தில் மின்சாரக் கார்: எங்கே, எப்போது, எவ்வளவுக்குச் சார்ஜ் போடுவது

புதிதாக மின்சாரக் கார் எடுத்தவர்கள் முதலில் கேட்பது, "யாழ்ப்பாணத்தில் எங்கெங்கே சார்ஜர் இருக்கு?" என்பதுதான். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. உங்கள் காருக்கு எந்தப் பிளக் பொருந்தும்? உங்கள் வீட்டு மின்பட்டியல் இப்போது எந்த விலைப்படியில் நிற்கிறது? குடாநாட்டுக்குள் மட்டும் ஓடுபவருக்கு வீடுதான் சார்ஜ் நிலையம். வெளியே காசு கொடுத்துப் போடுவது ஏ9 வீதியால் தெற்கே இறங்கும்போதும் அவசரத்துக்கும் என்று வைத்துக்கொண்டால் மின்சாரக் கார் மலிவு. கிழமை முழுக்க வெளியே போட்டே ஓடுவேன் என்பவருக்கு அது அவ்வளவு மலிவில்லை. ஏனென்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பிளக்கைப் பாருங்கள்

எங்கள் வீதிகளில் இப்போது இரண்டு தலைமுறைக் கார்கள் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன் ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் ஒரு வகை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தபின் வந்த பி.வை.டி. முதலான சீனக் கார்கள் மற்ற வகை.

ஜப்பான் லீஃபின் முன்மூக்கைத் திறந்தால் இரண்டு வாய் தெரியும். சின்னது டைப் 1. அது வீட்டில் போடவும் மெதுவான சார்ஜரில் போடவும். பெரியது சாடெமோ, வேகச் சார்ஜருக்கு. இலங்கை முகவரிடம் வாங்கிய புதிய கார்களில் பெரும்பாலும் மெதுவான சார்ஜருக்கு டைப் 2 வாயும் அதற்குக் கீழே ஒட்டினாற்போல் வேகச் சார்ஜருக்கு சிசிஎஸ்2 வாயும் இருக்கும். சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த காரை யாராவது இறக்கி விற்றால் அதில் ஜிபி/ரி என்ற வேறொரு வாய். விலை குறைவாக இருக்கிறதே என்று அதற்கு முற்பணம் கட்டுமுன், நீங்கள் போகும் வழியில் அதற்குப் பொருந்தும் வேகச் சார்ஜர் உண்டா என்று பாருங்கள்.

மெதுவான சார்ஜருக்கு டைப் 2-இலிருந்து டைப் 1-க்கு மாற்றும் அடப்டர் எளிதான பொருள். லீஃப் வைத்திருப்பவர் அதை டிக்கியில் போட்டு வைக்கலாம். வேகச் சார்ஜருக்கான அடப்டர் விலையும் அதிகம், எல்லா இயந்திரத்தோடும் ஒத்துப்போவதுமில்லை. அதை நம்பி நெடும்பயணம் கிளம்பவேண்டாம். இன்னொன்று: சில மெதுவான சார்ஜர்களில் துவாரம் மட்டுமே இருக்கும், வயர் இருக்காது. வயரை நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும்.

வீட்டு வயரிங்

காரோடு வரும் சிறிய சார்ஜ் வயர் சாதாரணமாகப் 10 அம்பியர் இழுக்கும். 230 வோல்ற்றில் அது 2.3 கிலோவாற். இரவு 10.30-இலிருந்து காலை 5.30 வரை ஏழு மணித்தியாலம் போட்டால் ஏறத்தாழ 16 யூனிட். வழியில் கொஞ்சம் சூடாகி வீணாகும், பற்றரிக்குள் போய்ச் சேர்வது 14 யூனிட் என்று வையுங்கள். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் என்று பார்த்தால் 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். யாழ்ப்பாணம் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வந்தாலும் அவ்வளவு வராது. மேடு பள்ளம் இல்லாத ஊர், வேகமாக ஓட்ட முடியாத வீதிகள்: மின்சாரக் காருக்கு இதைவிட வசதியான இடம் இலங்கையில் குறைவு.

ஆனால் அந்த 10 அம்பியர் ஏழு மணித்தியாலம் நிற்காமல் ஓடும். அயன்பெட்டியும் கேத்திலும் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் விடியும்வரை இழுக்கும். பழைய வீடுகளின் வயரிங் இதை நினைத்துப் போட்டதில்லை. ஆகவே காரை வீட்டுக்குக் கொண்டுவருமுன் ஒரு நல்ல எலெக்ரீசியனைக் கூப்பிட்டு இவற்றைச் செய்விக்கவேண்டும். மெயின் போர்டிலிருந்து போர்டிக்கோவுக்குத் தனி வயர் இழுக்கவேண்டும். அதற்குத் தனி பிரேக்கர் போடவேண்டும். நல்ல தரத்தில் 13 அம்பியர் சதுர முள் சொக்கெற் ஒன்று, மழைச்சாரல் படாத உயரத்தில். ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அமத்தி அது விழுகிறதா என்று பார்க்கவேண்டும். உருண்டை முள் சொக்கெற்றில் மாற்றி செருகிப் போடுவதும், எக்ஸ்ரென்ஷன் வயரைச் சுருளாகவே வைத்துப் போடுவதும் வேண்டாம். சுருள் சூடேறி உருகும்.

எர்த் விஷயம் தனியாகச் சொல்லவேண்டியது. பல சார்ஜ் வயர்கள் எர்த் சரியில்லை என்று கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். கார் பழுது என்று கராஜுக்கு ஓடுபவர்கள் உண்டு. எங்கள் நிலம் அடியில் சுண்ணாம்புக்கல். கம்பியை ஆழமாக இறக்குவது கடினம், கோடையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். வீடு கட்டியபோது அடித்த எர்த் கம்பி இன்னும் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் பொருத்தும் வேகமான பெட்டி வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடையில் காட்டும் 7 கிலோவாற் பெட்டி 32 அம்பியர் இழுக்கும். எங்கள் வீடுகளில் பொதுவாக உள்ளது 30 அம்பியர் ஒற்றை முனை இணைப்பு. பெட்டி தனியாகவே அதைத் தாண்டிவிடும், அதற்கு மேல் கிணற்று மோட்டரும் ஓடினால் கேட்கவேண்டாம். பெட்டியை 16 அம்பியருக்கு இறக்கி வைத்துக்கொண்டால் இரவுக்குள் 25 யூனிட் வரை ஏற்றலாம். பெரும்பாலானோருக்கு அதுவே தாராளம்.

மின்பட்டியலின் படிகள்

இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. மாதத்தில் 60 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு 60, 90, 120, 180 என்று படிகள். மேலே ஏற ஏற யூனிட் விலையும் ஏறும், மாத நிலையான கட்டணமும் ஏறும். கார் புதிதாக வந்து சேரும் பாவனை என்பதால் அதன் யூனிட்கள் எல்லாம் மேற்படிகளில்தான் போய் உட்காரும்.

ஒரு எடுத்துக்காட்டு. மாதம் 110 யூனிட் பாவிக்கும் வீடு. கார் மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறது. வீணாவதையும் சேர்த்து 150 யூனிட் என்று வைப்போம். பட்டியல் 260 யூனிட்டுக்குப் போகும். அந்த 150-இல் 10 யூனிட் 120 வரையிலான படியில், 60 யூனிட் 180 வரையிலான படியில், மீதி 80 யூனிட் எல்லாவற்றுக்கும் மேலான படியில். பழைய பட்டியலின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து "எங்களுக்கு யூனிட் இவ்வளவுதான் விழுகிறது" என்று காரின் செலவைப் போடுவது பிழையான கணக்கு. கடைசி யூனிட்டின் விலையை எடுங்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு விலையை அடிக்கடி மாற்றுகிறது. 2025-இல் மட்டும் ஜனவரியில் குறைத்தார்கள், ஜூனில் கூட்டினார்கள். ஆகவே கையில் இருக்கும் கடைசிப் பட்டியலைப் பார்த்தே கணக்குப் போடுங்கள்.

இதற்கு மாற்றாக நேரத்துக்கேற்ற கட்டணம் என்று ஒன்று உண்டு. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரு விலை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை. 10.30 முதல் விடிய 5.30 வரை குறைந்த விலை. 2015-இல் வீடுகளுக்கு இது வந்தபோது யூனிட் 25, 54, 13 ரூபா என்ற வரிசையில் இருந்தது. இன்றைய தொகை வேறு, ஆனால் மூன்றுக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். மும்முனை இணைப்பு இதற்கு வழமையான நிபந்தனை என்பதால், உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் இணைப்பு மாற்றும் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. இந்தக் கட்டணம் காருக்கு மட்டும் வராது, முழு வீட்டுக்கும் வரும். மாலை ஏழு மணிக்குச் சோறு வைக்கும் குக்கர், பிள்ளைகள் படிக்கும் அறையின் ஏசி, கிணற்று மோட்டர் எல்லாமே உச்ச விலைக்குப் போகும். மோட்டரைப் பகலில் போடலாம், இரவுச் சாப்பாட்டை நள்ளிரவில் சமைக்க முடியாது. மாலையில் பாவனை அதிகமான பெரிய குடும்பத்துக்கு இது நட்டமாகவும் முடியலாம். மாலைநேரம் மீற்றரை ஒரு கிழமை குறித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கூரையில் சோலார் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். விற்கும் யூனிட்டின் விலை, வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவென்றால், கார் வீட்டில் நிற்கும் பகல்களில் அந்த வெயிலைக் காருக்கே கொடுப்பது லாபம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

வீட்டுக்காரரிடம் மறைத்துப் போடவேண்டாம், பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். காருக்குப் போகும் வயரில் ஒரு சப் மீற்றர் பூட்டுங்கள், பெரிய செலவில்லை. மாதக் கடைசியில் அதன் கணக்குக்கு ஆக மேலான படியின் விலையில் காசு கொடுங்கள். வீட்டுக்காரர் மேல்மாடியில், நீங்கள் கீழே, ஒரே மீற்றர் என்றால் இது இன்னும் முக்கியம். உங்கள் கார் அவரையும் சேர்த்து மேலான விலைப்படிக்குத் தள்ளிவிடும். "ஐயா, காருக்குப் போன யூனிட்டுக்கு ஆகக் கூடின விலையைத் தாறன்" என்று முதல் நாளே பேசிவிட்டால் பிறகு முகம் சுளிக்க இடமில்லை.

வெளியே போட்டால் எவ்வளவு

பொதுச் சார்ஜர் வைத்திருப்பவர் இயந்திரத்துக்கு முதல் போட்டிருக்கிறார், இடத்துக்குக் கொடுக்கிறார், மின்சாரத்தையும் வாங்கித்தான் விற்கிறார். ஆகவே யூனிட் விலை பெரும்பாலும் வீட்டைவிடக் கூடவே இருக்கும், வேகச் சார்ஜரில் இன்னும் கூட.

செலவைக் கிலோமீற்றருக்கு மாற்றிப் பார்த்தால்தான் விளங்கும். யூனிட் விலையை, ஒரு யூனிட்டுக்கு ஓடும் தூரத்தால் வகுங்கள். பேச்சுக்கு வீட்டில் யூனிட் 60 ரூபா, வெளியே 100 ரூபா என்று வைப்போம். யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் காருக்கு வீட்டில் போட்டால் கிலோமீற்றருக்கு 10 ரூபா, வெளியே போட்டால் 17 ரூபா அளவில். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 25 ரூபா. லீற்றருக்கு 20 ஓடும் சின்ன ஹைபிரிட்டுக்கு 15 ரூபா. அதாவது வேகச் சார்ஜரை மட்டுமே நம்பி ஓடும் மின்சாரக் கார், பக்கத்து வீட்டு வகன்ஆர் ஹைபிரிட்டிடம் தோற்கலாம். விற்பனைக் கூடத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டமாட்டார்கள். இன்றைய விலைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

விலைப்பலகையில் இன்னும் சிலவற்றைத் தேடுங்கள். காசு யூனிட்டுக்கா, நிமிடத்துக்கா? நிமிடத்துக்கு என்றால் பழைய லீஃபுக்குக் கட்டாது, அது மெதுவாகத்தான் உறிஞ்சும். சார்ஜ் முடிந்தபின் காரை எடுக்காமல் நின்றால் தனிக் கட்டணம் உண்டா? மாலை 6.30-க்குப் பிறகு விலை மாறுமா? மாறும் இடமென்றால் நல்லூர்ப் பக்கம் மாலையில் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டத்தை மதியத்துக்கு மாற்றுங்கள்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவான சார்ஜரில் 22 கிலோவாற் என்று எழுதியிருந்தாலும் உங்கள் காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவுதான் போகும். பழைய லீஃப் பலவற்றில் அது 3.3 கிலோவாற். சாப்பிட்டு வருவதற்குள் 20 கிலோமீற்றர் கூட ஏறியிருக்காது. வேகச் சார்ஜரிலோ 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். கடைசி இருபதுக்காக நிற்கும் நேரத்தில் கிளிநொச்சிக்குப் பாதி வழி போய்விடலாம்.

முதல் தடவை சார்ஜருக்குப் போகுமுன்

வீட்டில் வைஃபை இருக்கும்போதே அப்பை இறக்கிப் பதிவு செய்யுங்கள். சார்ஜ்நெட் போன்ற உள்ளூர் வலையமைப்புகளின் அப்பும், பாவனையாளர்கள் குறிப்பு எழுதும் பிளக்ஷெயரும் இருந்தால் நல்லது. அப்பின் பணப்பையில் முன்கூட்டியே காசு போட்டு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக் கார் ஓடுபவர்கள், உங்கள் வங்கி அட்டையை அந்த அப் ஏற்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடவேண்டும்.

வரைபடத்தில் புள்ளி இருப்பதால் சார்ஜர் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. கடைசியாக யார், எந்தக் காருக்கு, எப்போது போட்டார் என்ற குறிப்பைப் பாருங்கள். தொலைபேசி எண் இருந்தால் எடுத்து, "அண்ணை, மிசின் இப்ப ஓடுதோ? சாடெமோ வயர் இருக்கோ?" என்று கேளுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, வாசலில் நிற்கும் காவலாளிக்கு அப்பைவிட அதிகம் தெரியும்.

அங்கே போனதும் காரை நிறுத்தி, கியரைப் பார்க்கில் போட்டு, வயரை 'கடக்' என்ற சத்தம் வரும்வரை அமத்துங்கள். அப்புறம்தான் அப்பில் தொடக்கம். முதல் இரண்டு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். திரையில் யூனிட் ஏறத் தொடங்கியபின் தேநீருக்குப் போகலாம். நிற்பாட்டும்போதும் முதலில் அப்பில் நிற்பாட்டி, காரைத் திறந்து, பிறகு வயர். இழுத்து வராவிட்டால் பலம் காட்டவேண்டாம், கார் பூட்டியிருக்கும்.

ஏ9 வீதியில் தெற்கே

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 70 கிலோமீற்றர், வவுனியா 140, அனுராதபுரம் 200-க்குச் சற்றுக் குறைவு, கொழும்பு 400 அளவில். 60 கிலோவாற் மணி (அதாவது 60 யூனிட்) பற்றரி உள்ள புதிய கார் என்றால் வவுனியாவிலோ அனுராதபுரத்திலோ ஒரு நிறுத்தம் போதும். நிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் சார்ஜர் ஓடாவிட்டால் அடுத்த சார்ஜர் வரை போக மிச்சம் இருக்குமா என்று பாருங்கள். பற்றரி 10 சதவீதத்துக்கு வரும்வரை ஓட்டிவிட்டுச் சார்ஜரைத் தேடுவது இந்த வீதிக்கு ஒத்துவராது. மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் காடும் வெயிலும்தான் துணை.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) தெற்கே போகும் காருக்கு எதிர்முகமாக அடிக்கும். ஆனையிறவு வெளியில் அதை மறைக்க ஒரு மரமில்லை. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகும்போதும் அப்படித்தான். திரையில் காட்டும் தூரத்திலிருந்து ஒரு பங்கைக் கழித்தே திட்டமிடுங்கள். வெளிவீதியில் கார்களுக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. அதற்குள் ஓடினால் பொலிசுக்கும் நல்லது, பற்றரிக்கும் நல்லது.

பழைய 24 கிலோவாற் மணி லீஃப் வேறு கதை. பற்றரி 70 சதவீதத்துக்குத் தேய்ந்திருந்தால் கையில் 15 யூனிட், 90 கிலோமீற்றர். அதன் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடும் இல்லை. வெயிலில் ஓடி, வேகச் சார்ஜில் போட்டு, மறுபடி ஓடி, மறுபடி போட்டால் வெப்பக்கோடு சிவப்பைத் தொடும், பற்றரி இன்னும் தேயும். அங்கே சார்ஜ் போட வழியிருந்தால் கிளிநொச்சிக்கு விடியப்புறம் போய்வரலாம். கொழும்புக்கு அதில் போகவேண்டாம். யாழ்தேவி ரயில் இருக்கிறது.

சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, மன்னார் என்று போகும் ஏ32 வீதி அழகானது, ஆள்நடமாட்டம் குறைந்தது. காரோடு பழகிய பிறகு போங்கள்.

கரண்ட் இல்லாத நாளும் திருவிழாக் காலமும்

போர்க்காலத்தில் பெற்றோலைத் துளி காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. தட்டுப்பாட்டைப் பற்றி இங்கே யாருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் மின்சாரக் காரைப் பொறாமையோடு பார்த்தார்கள், அதே ஆண்டில் மணிக்கணக்கான மின்வெட்டும் இருந்தது. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு நாடு முழுவதும் இருண்டது. வீட்டில் நிற்கும் காரை எப்போதும் 40 சதவீதத்துக்குக் கீழே போகவிடாமல் வைத்திருந்தால் இப்படியான நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தாலும் பயமில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் சரியான சார்ஜ் வயரால் வெளியே போடுவது ஆபத்தில்லை, அதற்கேற்பத்தான் செய்திருக்கிறார்கள். நிலத்தில் கிடக்கும் எக்ஸ்ரென்ஷனும், முற்றத்தில் வெள்ளம் நிற்கும்போது போடுவதும் ஆபத்து. கரையோர வீடுகளில் உப்புக்காற்று பிளக்கின் முள்ளைப் பச்சை பிடிக்க வைக்கும். பாவிக்காத நேரத்தில் மூடி போட்டு உள்ளே வையுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு அடைபடும். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்களால் நகரம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் நகரத்துச் சார்ஜரில் வரிசை இருந்தால் உள்ளூர்க்காரர் வீட்டில் போட்டுக்கொண்டு, தூரத்திலிருந்து வந்தவருக்கு இடம் விடுவது மரியாதை. எந்த நாளிலும் உங்கள் தொலைபேசி எண்ணைக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிய வையுங்கள். மற்றவர் காரின் வயரைக் கேட்காமல் கழற்றாதீர்கள். 80 சதவீதம் வந்தபின் பின்னால் ஒருவர் காத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணம் வருபவர்கள் ஹோட்டல் பதியும்போதே சார்ஜ் பற்றிப் பேசிவிடவேண்டும். தனிச் சார்ஜர் இல்லாத இடத்திலும் 13 அம்பியர் சொக்கெற் ஒன்றைத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் கேற் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.